கதிரை தள்ளுகிற பிள்ளைகள்: யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரித் தொண்டர் சேவை எப்படி?

ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த யாரையும் கேளுங்கள். டொக்டர் எப்படி, மிஸிமார் ஏசினார்களா, கக்கூஸ் துப்புரவா, மருந்து உள்ளே கிடைத்ததா வெளியே வாங்கினார்களா என்று எல்லாம் சொல்வார்கள். வாசலிலிருந்து எக்ஸ்றே அறை வரைக்கும் சக்கரக் கதிரையைத் தள்ளிக்கொண்டு போனவரைப் பற்றி ஒரு வசனம் வராது. அவர் சம்பளக்காரர் இல்லை என்பதே பலருக்குத் தெரியாது. சிற்றூழியர் என்று நினைத்து நூறு ரூபாயைக் கையில் திணிப்பவர்களும் உண்டு. (வாங்காதவர்தான் தொண்டர். வாங்கினால் அடுத்த கிழவிக்குக் கதிரை கிடைக்காது.)

யாழ்ப்பாணத்து அரச ஆஸ்பத்திரிகளில் சம்பளமில்லாமல் நிற்கும் இந்தக் கைகள் என்ன செய்கின்றன, எதில் கெட்டித்தனம், எதில் சறுக்குகின்றன என்பதுதான் இங்கே விஷயம். ஒன்றை முதலே பிரித்துவிட வேண்டும். நிரந்தர நியமனம் கிடைக்கும் என்ற நம்பிக்கையில் ஆண்டுக்கணக்காகச் சம்பளமின்றி வேலை செய்துவிட்டு, பிறகு வீதியில் இறங்கிப் போராடிய சுகாதாரத் தொண்டர்களின் கதை வேறு. அது உழைப்புக்குக் கூலி கொடாத கதை. அதைச் சேவை என்று புகழ்வது அவர்களை இரண்டாந்தரம் ஏமாற்றுவது போல. இங்கே பேசப்படுவது கிழமைக்கு ஓரிரு நாள், சில மணித்தியாலம், தாமாக வந்து நிற்பவர்கள்: ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், தபாற் கந்தோரில் வேலை பார்த்தவர்கள், உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவு பார்த்திருக்கும் பிள்ளைகள், கோயில், தேவாலயம், பள்ளிவாசல் சார்ந்த சங்கத்தார்.

இந்த ஊருக்கு இது புதிதல்ல. இன்று நாங்கள் பெரியாஸ்பத்திரி என்று சொல்லும் போதனா வைத்தியசாலையின் வேரே 1850இல் ஃபிரெண்ட் இன் நீட் சொசைற்றி என்ற தரும சங்கம் நடத்திய ஆஸ்பத்திரிதான். அப்போதைய அரசாங்க அதிபர் பேர்சிவல் டைக் அதற்குப் பின்னால் நின்றார். அரசாங்கம் பொறுப்பேற்றது பிறகு.

இன்று வடக்கில் உள்ள ஒரே போதனா வைத்தியசாலை அது. கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னாரிலிருந்தெல்லாம் நோயாளரை அனுப்புகிறார்கள். நெடுந்தீவு ஆச்சி ஒருவரின் கிளினிக் நாளை நினைத்துப் பாருங்கள். விடியப்புறம் படகு, குறிகட்டுவானில் இறங்கி 776 பஸ், பிறகு ஆஸ்பத்திரி வீதி, வரிசை, நம்பர், பிறசர் பார்த்தல், இரத்தம் எடுத்தல், டொக்டர், மருந்து, அடுத்த திகதி. இதில் ஒரு மேசையைத் தவறவிட்டுத் திரும்பி வரிசையில் நின்றால் பின்னேரப் படகு போய்விடும். இரவு தங்க இடம் தேட வேண்டும். தொண்டர் அவருக்கு மிச்சம்பிடித்துக் கொடுப்பது அரை மணித்தியாலம்தான். அந்த அரை மணித்தியாலத்தில் படகு இருக்கிறது. ஆகவே நல்ல தொண்டர் முதலில் கேட்பது வருத்தத்தை அல்ல: "ஆச்சி, எங்கையிருந்து வாறியள்? திரும்பிப் போக எத்தினை மணிக்கு வாகனம்?"

சக்கரக் கதிரை தள்ளுவதில் எங்கள் பிள்ளைகளுக்குப் பத்துக்கு எட்டுக் கொடுக்கலாம். மிச்ச இரண்டு போவது அவசரத்தால். கதிரை தள்ளத் தெரியாதவர் யார் என்று கேட்கத் தோன்றும், ஆனால் ஏற்றுவதிலும் இறக்குவதிலும்தான் ஆட்கள் விழுகிறார்கள். ஏற்ற முதல் இரண்டு பிறேக்கும் போட்டிருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் போட்டால் கதிரை அந்தப் பக்கமாகச் சுழலும். கால் வைக்கும் தட்டை மேலே மடித்துவிட வேண்டும். அதன்மேல் ஏறி நின்று திரும்பப் பார்க்கும் நோயாளி முன்பக்கமாகக் கதிரையோடு கவிழ்வார். பாரிசவாதம் வந்தவரென்றால் கதிரையை அவருடைய பலமுள்ள பக்கத்தில் போட வேண்டும். கக்கத்துக்குள் கைவைத்துத் தூக்குவது எல்லாரும் விடும் பிழை: சோர்ந்த கைப்பக்கத் தோள்மூட்டைப் பிடித்துவைக்கத் தசையில் பலமில்லை, அப்படி இழுத்தால் மூட்டு இறங்கிவிடும், பிறகு மாதக்கணக்கில் நோ. இடுப்பைச் சுற்றிப் பிடிக்க வேண்டும், அல்லது இடுப்பில் ஒரு துவாயைச் சுற்றி அதைப் பிடிக்க வேண்டும்.

இருத்திய பிறகு சேலைத் தலைப்பு, சாரத்தின் கரை, வேட்டி நுனி எல்லாவற்றையும் மடிக்குள் எடுத்து வைக்க வேண்டும். சில்லுக்குள் துணி போனால் கதிரை சடாரென நிற்கும், ஆள் நிற்கமாட்டார். சலம் சேரும் பொலித்தீன் பை போட்டிருந்தால் அது வயிற்றுக்குள் இருக்கும் சலப்பையின் மட்டத்துக்குக் கீழே தொங்க வேண்டும், நிலத்தில் இழுபடவும் கூடாது. "கவனமா வைக்கிறன்" என்று மடியில் தூக்கி வைப்பவர்கள் பலர். பையில் இருந்த சலம் திரும்பி உள்ளே ஓடும், கிருமியும் கூடவே போகும். சரிவில் இறக்கும்போது தொண்டர் முன்னால் இறங்கி, கதிரையைப் பின்பக்கமாக இறக்க வேண்டும். நோயாளியின் முகம் மேட்டைப் பார்த்திருக்கும். வாசற்படி மேடு வந்தால் "ஐயா, இப்ப கொஞ்சம் சரிக்கிறன்" என்று சொல்லிவிட்டுச் சின்னச் சில்லுகளை முதலில் தூக்க வேண்டும். சொல்லாமல் சரித்தால் வயதான மனிசர் பயந்து கைப்பிடியை விட்டுவிட்டு சில்லைப் பிடிப்பார். விரல் போகும்.

எல்லாரையும் கதிரையில் ஏற்றவும் கூடாது. விழுந்து இடுப்பு நோவோடு வந்தவர், கழுத்திலோ முள்ளந்தண்டிலோ அடிபட்டவர், இவர்களுக்குத் தள்ளுவண்டியும் பயிற்சி பெற்ற ஊழியரும் வேண்டும். நெஞ்சு நோவோடு வந்தவரை நடக்கவிடக் கூடாது, பதிவு மேசை வரிசையில் கொண்டுபோய் நிறுத்தவும் கூடாது. அந்த இடத்திலேயே இருத்திவிட்டு ஊழியரைக் கூப்பிட வேண்டும். ஆளைத் தொடாமல் நின்று குரல் கொடுக்கவும் தெரிந்திருக்க வேண்டும். நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் சென் ஜோன்ஸ், செஞ்சிலுவை முதலுதவிக் கொட்டில்களில் நின்ற பிள்ளைகளிடம் இந்தப் பழக்கம் இருக்கிறது. புதிதாக ஆள் தேடும் சங்கங்கள் அங்கே தேடலாம்.

அடுத்த வேலை வெளியே தெரியாதது, ஆனால் எங்கள் கணிப்பில் கதிரையைவிடப் பெரியது: வாயும் காதுமாக நிற்பது. தெற்கிலிருந்து வரும் டொக்டர்மார், தாதியர் பலர் தமிழை இங்கே வந்துதான் பழகுகிறார்கள். புத்தகத் தமிழ் படித்துவிட்டு வருபவருக்கு யாழ்ப்பாணத்து வருத்தப் பெயர்கள் பொறி. புத்தகத்தில் வலி என்றால் நோ. எங்கள் ஆச்சி "பெடிக்கு ராத்திரி வலி வந்தது" என்றால் பெடிக்கு வலிப்பு வந்தது. ஒருவர் பனடோல் எழுதுவார், மற்றவர் மூளைக்கு ஸ்கான் எழுதுவார், அவ்வளவு தூரம். "நாரி பிடிச்சிட்டுது" என்றால் இடுப்புக்கு மேலே முதுகின் அடிப்பகுதி. "சத்தி" வாந்தி. "தொய்வு" இழுப்பு வருத்தம், அதாவது ஆஸ்துமா. "களைக்குது" என்பது வெறும் அலுப்பாகவும் இருக்கலாம், மூச்சு வாங்குவதாகவும் இருக்கலாம், அதைத் தொண்டர் தானாக முடிவெடுக்காமல் "படியேறினாலோ, படுத்தாலோ?" என்று நோயாளியிடமே திருப்பிக் கேட்டு, வந்த பதிலை அப்படியே மாற்றிச் சொல்ல வேண்டும். மானிப்பாயில் டொக்டர் சாமுவேல் கிறீன் 19ஆம் நூற்றாண்டிலேயே தமிழில் மருத்துவம் படிப்பித்த ஊர்ப்பக்கம் இது. ஆனாலும் ஒரு சொல்லால் சிகிச்சை மாறும் நிலை இன்னும் போகவில்லை.

இந்த வேலையில் சறுக்கும் இடம் இரண்டு: கூட்டியோ குறைத்தோ சொல்வது ஒன்று, ஏசுவது மற்றது. ஓய்வுபெற்ற ஆசிரியர்மார் கிளினிக் கொப்பியில் உள்ள கோழிக் கிறுக்கலையும் வாசிப்பார்கள், குரலும் தெளிவு, தடுமாறாமல் சிங்களமும் பேசுவார்கள். ஆனால் நோயாளி "மருந்து ஒழுங்காப் போடேல்லை" என்றதும் வகுப்பறை ஞாபகம் வந்துவிடும், ஏசத் தொடங்கிவிடுவார்கள். ஏச்சு வாங்கிய ஆள் அடுத்த கிளினிக்கில் "ஒழுங்காப் போடுறன்" என்று பொய் சொல்வார். டொக்டர் அதை நம்பி மருந்தின் அளவைக் கூட்டுவார். ஏச்சின் விலை அது.

சலரோகக் கிளினிக் நாளில் இன்னொன்று. வெறுவயிற்றில் இரத்தம் கொடுக்க வந்தவருக்கு இரக்கப்பட்டுத் தேத்தண்ணி வாங்கிக் கொடுப்பது. 8 முதல் 10 மணித்தியாலம் பட்டினி கிடந்து வந்ததெல்லாம் ஒரு சீனித் தேத்தண்ணியோடு போச்சு, சோதனையைத் திரும்ப இன்னொரு நாள். வெறும் தண்ணி குடிக்கலாம். அதைத் தடுப்பதும் பிழை. தலைசுற்றி வியர்த்தால் மட்டும் பொறுக்காமல் மிஸியைக் கூப்பிட வேண்டும். இன்சுலின் எடுத்துக்கொண்டு தீவுக்குப் போகிறவரிடம் "வீட்டிலை பிரிட்ஜ் இருக்கோ?" என்று கேட்கும் தொண்டருக்குத் தனியாகப் புள்ளி போட வேண்டும். ஐஸ் போட்ட பெட்டியில் கொண்டுபோனால் குப்பி ஐஸில் முட்டக் கூடாது, துணி சுற்ற வேண்டும். உறைந்த இன்சுலின் உருகினாலும் பயனில்லை, பார்வைக்கு மட்டும் அப்படியே இருக்கும். பிரிட்ஜ் இல்லாத வீட்டில் ஈர மணலில் வைத்த மண்சட்டி உதவும். வெயில் படாத மூலையில் வைத்து, மணல் காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மருந்துறையில் எழுதியிருப்பதை உரக்க வாசித்துக் காட்டலாம். "இது உங்களுக்குக் கூடிப்போச்சு, பாதி போடுங்கோ" என்று சொன்னால் அவர் தொண்டராக நிற்கத் தகுதியில்லாதவர்.

நோயாளர் விடுதிக்குள் ஊட்டிவிடுவது. ஆள் இல்லாத கிழவருக்கு நான்கு கரண்டி கஞ்சி கொடுப்பதில் என்ன பிழை வரப்போகிறது என்றுதான் தோன்றும். கட்டிலுக்குப் போக முதல் தாதியிடம் கேட்க வேண்டும்: இவர் வாயால் சாப்பிடலாமா? பாரிசவாதம் வந்த சிலருக்கு விழுங்கும் தசை வேலை செய்யாது. கஞ்சி சுவாசக் குழாய்க்குள் போகும். இருமலும் வராமல் போகலாம். இரண்டு நாளில் நியூமோனியா. கொடுக்கலாம் என்றால் நிமிர்த்தி இருத்தி, அரைக் கரண்டி, விழுங்கினாரா என்று தொண்டையைப் பார்த்து, பிறகு அடுத்த கரண்டி. முடிந்ததும் அரை மணித்தியாலம் படுக்க விடக் கூடாது. இருபது நிமிடத்துக்குக் குறைந்து ஒருவருக்கு ஊட்டி முடிக்கிறவர் அவசரப்படுகிறார் என்று வைத்துக்கொள்ளலாம். சத்திரசிகிச்சைக்குக் காத்திருப்பவரின் கட்டிலில் ஒன்றும் கொடுக்கக் கூடாதென்று அட்டை தொங்கும். அதைப் பார்க்காமல் ஒரு பிஸ்கற் கொடுத்தால் அன்றைய சத்திரசிகிச்சை தள்ளிப்போகும்.

கட்டிலுக்குக் கட்டில் போகும்போது கை. அல்ககோல் திரவமென்றால் 20 முதல் 30 செக்கன் தேய்க்க வேண்டும், சவர்க்காரமும் தண்ணியுமென்றால் 40 முதல் 60 செக்கன். வயிற்றோட்டக்காரரிடம் போய்வந்தால் சவர்க்காரமும் தண்ணியும்தான் சரி. கையுறை போட்டபடி பத்துக் கட்டிலையும் தொட்டுக்கொண்டு போகும் தொண்டரைக் கண்டால் நிறுத்துங்கள். அவர் காப்பாற்றுவது தன்னுடைய கையை மட்டும்.

இனிச் சாப்பாட்டுப் பொதி. இதற்குப் பத்துக்கு மூன்றுக்கு மேல் போட மனம் வரவில்லை. திவசம், ஆண்டு நினைவு, பிறந்தநாள் என்று கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் காசு வருகிறது. இங்கே சோற்றுப் பொதியாக மாறி விடுதி வாசலுக்கு வருகிறது. மனம் நல்லது, கணக்குத்தான் பிழை. விடிய நான்கு மணிக்குச் சமைத்து, சூட்டோடு பொலித்தீனில் கட்டி, மத்தியானம் பிரித்தால் யாழ்ப்பாணத்து வெக்கையில் அது சாப்பாடு அல்ல. சமைத்த சோறு அறைச் சூட்டில் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் நின்றாலே கிருமி பெருகும், திரும்பச் சூடாக்கினாலும் அது விட்ட நஞ்சு போகாது. சிறுநீரக வருத்தக்காரருக்கு அன்பாகக் கொடுக்கும் இளநீரும் வாழைப்பழமும் பொட்டாசியத்தைக் கூட்டி இதயத்தையே நிறுத்தக் கூடியவை. நோயாளிக்கு ஆஸ்பத்திரிச் சாப்பாடு உண்டு. பட்டினி கிடப்பவர் பக்கத்தில் நிற்கும் மகள்தான். பொதி கொடுப்பதென்றால் அவருக்குக் கொடுங்கள். மிச்சக் காசுக்குப் பெரியவர்களுக்கான பம்பர்ஸ், படுக்கைப் புண் வராமலிருக்கக் காற்று மெத்தை, பஸ் காசு. 2022இல் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது வெளியே மருந்து வாங்கக் காசில்லாமல் துண்டோடு நின்றவர்களுக்கு உதவிய சங்கங்கள்தான் உண்மையில் உயிரைப் பிடித்து வைத்தன.

பொதியோடு கூட வரும் படப்பிடிப்பைப் பற்றி ஒரு வசனம் மட்டும்: சேலைன் ஏறிக்கொண்டிருக்கும் மனிசரின் முகத்தை முகநூலில் போடுவதற்குப் பொதி விலையாகாது.

துண்டு வெட்டி, அதாவது நோயாளியை வீட்டுக்கு அனுப்பிய பிறகு நடப்பதில் சேவை பலவீனம். அவசரத்துக்கு 1990 என்று அடித்தால் சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாமல் வரும். வடக்கில் அது 2018இல் தொடங்கியது. ஆனால் அது கொண்டுவருவதற்குத்தான், வீட்டுக்குக் கொண்டுபோக அல்ல. கால் எலும்பு முறிந்து பத்துப்போட்ட மனிசர் துண்டோடு வாசலில் இருப்பார், ஓட்டோவுக்குள் கால் மடங்காது. இந்த இடத்தில் வாகனம் வைத்திருக்கும் இரண்டு தொண்டர், பின்னால் நீட்டிப் படுக்கக்கூடிய ஒரு வான், அவ்வளவே தேவை. பல இடங்களில் அது இல்லை. துண்டு வெட்டும்போது தொண்டர் நான்கு விஷயத்தைப் பார்த்துவிட்டு அனுப்பினாலும் போதும்: நோய்நிர்ணய அட்டை கையில் இருக்கிறதா, அடுத்த கிளினிக் திகதியும் அறையும் எழுதியிருக்கிறதா, மருந்து எத்தனை நாளுக்கு, புண்ணுக்கு மருந்து கட்டக் கிட்ட உள்ள ஆஸ்பத்திரிக்குத் துண்டு தந்தார்களா. கடைசியை மறந்தால் புங்குடுதீவிலிருந்து கட்டுமாற்ற மட்டும் யாழ்ப்பாணம் வருவார்.

இரத்த தான முகாம்களில் தொண்டர்களைக் குறை சொல்ல அதிகம் இல்லை. 18 முதல் 60 வயது, 50 கிலோ, ஹீமோகுளோபின் அளவு, கடைசியாகக் கொடுத்து நான்கு மாதம் என்ற கணக்கு அவர்களுக்கு மனப்பாடம். வெறுவயிற்றோடு வரும் பெடியளைத் திருப்பி அனுப்பிச் சாப்பிட வைப்பதும், கொடுத்து முடிந்ததும் பதினைந்து நிமிடமாவது இருத்தி வைப்பதும்தான் அவர்களுடைய முக்கிய வேலை. மோட்டார் சைக்கிளில் ஏறிய கையோடு மயங்குபவர் அந்தப் பதினைந்து நிமிடம் இருக்காதவர்தான்.

தெல்லிப்பழைப் புற்றுநோய் ஆஸ்பத்திரி இன்னொரு மாதிரி. 2011இல் தேவேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை நடந்து சேர்த்த காசில் எழும்பி 2013இல் திறந்த கட்டடம் அது. நடந்தவர்களும் கொடுத்தவர்களும் தொண்டர்களே. அங்கே நிற்பவருக்கு ஒழுங்கு இன்னும் கடுமையாக இருக்க வேண்டும். மருந்து ஏற்றியவரின் இரத்தத்தில் வெள்ளணு குறையும், அதனால் தடிமன் காய்ச்சலோடு தொண்டுக்கு வருவது தொண்டு அல்ல, வீட்டில் நிற்பதே உதவி. வீட்டுக்குப் போகிறவருக்கு ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும்: காய்ச்சல் 38 பாகை, அதாவது 100.4 தொட்டால் பனடோல் போட்டுப் பொறுத்துப் பார்க்கக் கூடாது, இரவென்றாலும் உடனே ஆஸ்பத்திரி. பனடோல் காய்ச்சலை மறைக்கும், கிருமியை அல்ல.

நிற்பவர்களைப் பற்றியும் யோசிக்க வேண்டும். பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கும் பிள்ளைகள் மூன்று மாதம் பறந்து பறந்து செய்வார்கள், முடிவு வந்ததும் ஒரே நாளில் காணாமற் போவார்கள். பென்சன்காரர் மெல்ல நடப்பார், ஐந்து வருடம் வருவார். இருவரையும் சோடியாகப் போட்டால் கதிரையும் ஓடும், கொப்பியும் வாசிபடும். ஒரு முறைக்கு நான்கு மணித்தியாலம், கிழமைக்கு இரண்டு முறை. அதற்கு மேல் போனால் சலிப்பு வரும், சலிப்பு வந்தால் நோயாளியோடு சிடுசிடுப்பு வரும். பெயரட்டையும், அன்று யார் எங்கே என்று எழுதும் ஒரு கொப்பியும் இல்லாமல் எந்த விடுதிக்குள்ளும் போகக் கூடாது. இரத்தம், சலம் படக்கூடிய இடத்தில் நிற்பவருக்கு ஹெப்பறைற்றிஸ் பி தடுப்பூசி மூன்று தரம்: தொடக்கம், ஒரு மாதம், ஆறாம் மாதம். ஊசி குத்தினால் பிதுக்கி இரத்தம் எடுக்கக் கூடாது, ஓடும் தண்ணியில் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டு அந்த நிமிடமே தாதியிடம் சொல்ல வேண்டும். வெட்கப்பட்டு மறைப்பவர்கள் அதிகம்.

நன்றி சொல்ல விரும்பும் சங்கங்கள் மேடை போட்டுப் பொன்னாடை போர்த்துகின்றன. ஒரு தொண்டர் வீட்டில் எத்தனை பொன்னாடைக்கு இடம் இருக்கும்? அந்தக் காசில் தடுப்பூசி, மாரிக்கு மழைக்கோட்டு, பஸ் காசு, மத்தியானச் சாப்பாடு. பிள்ளைகளுக்கு மணித்தியாலக் கணக்கோடு பணிப்பாளரின் கையொப்பமிட்ட சான்றிதழ். வேலைக்கு விண்ணப்பிக்கும்போது அதுதான் பேசும். கதிரைகளுக்கு ஒரு காற்றடிக்கும் பம்பும், பிறேக் இறுக்க ஒரு சாவியும் வாங்கிக் கொடுங்கள். காற்றுக் குறைந்த ரயரில் பிறேக் பிடிக்காது.

இந்தச் சேவையைப் பயன்படுத்தப் போகிறவர்களுக்கு: கிளினிக் கொப்பி, அடையாள அட்டை, இப்போது போடும் மருந்துகள் எல்லாம் உறையோடு ஒரே பையில். மருந்து ஒவ்வாமை இருந்தால் கொப்பியின் முதற் பக்கத்தில் சிவப்புப் பேனையால். கிழவரைத் தனியே அனுப்புவதென்றால் வீட்டுத் தொலைபேசி இலக்கத்தைத் துண்டில் எழுதிச் சட்டைப் பையில் வையுங்கள், போன் சார்ச் இறங்கினாலும் அது இருக்கும். வாசலில் பெயரட்டை போட்டவரிடம் திரும்பிப் போகும் நேரத்தை முதலே சொல்லிவிடுங்கள்.